எந்த ஊர்ச் சரக்கு?

அப்பாவுக்குத் தானியம் தெரியும். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் சரக்குப் பார்க்கிற வேலை. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போதே குத்தூசியைச் சொருகி ஒரு கை அள்ளுவார். முதலில் மோந்து பார்ப்பார். பிறகு உள்ளங்கையில் பரப்பி ஊதுவார். பதர் பறந்ததும் இரண்டு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. பல்லில் ஒட்டினால் ஈரம், விலையில் கழிவு. முக்கல் வாடை அடித்தால் பேச்சே கிடையாது, மூட்டை திரும்ப லாரிக்குப் போகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கும். "எந்த ஊர்ச் சரக்கு?" குதிரைவாலி என்றால் பேரையூர்ப் பக்கமா, கம்பு என்றால் விளாத்திகுளமா என்று தெரிந்துகொண்டுதான் கையை வைப்பார். வியாபாரி ஊரை மாற்றிச் சொன்னால் மணியில் ஒட்டியிருக்கும் தூசியைப் பார்த்துச் சிரிப்பார். கரிசல் தூசி வேறு, செவல் தூசி வேறு. ஒரு மூட்டைக்காக அரை மணி நேரம் சண்டை போட்டு, சண்டை முடிந்ததும் அதே ஆளோடு டீ குடிக்கப் போவார்.

இரவு கடை அடைத்ததும் அப்பா வாங்குவது இன்னொரு சரக்கு. மதுரையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. லேபிளில் விஸ்கி என்று போட்டிருக்கும். அதை அவர் மோந்து பார்த்ததே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, உடனே ஊறுகாய். எந்த ஊர், எந்தத் தானியம், எத்தனை நாள் இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தைச் சோதிக்கிற ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா பல்லால் பார்த்ததை நான் கருவியால் பார்க்கிறேன். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் தீவனத்தில் 20 பிபிபிக்குள், அதாவது நூறு கோடியில் 20 பங்குக்குள் இருக்க வேண்டும். நாமக்கல் கோழி எதைத் தின்கிறது என்பதற்கு என் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. அப்பா என்ன குடித்தார் என்பதற்கு அப்படி ஒரு தாள் இல்லை என்பது, அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவிலிருந்து ஒரு புட்டி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

*

கொண்டுவந்தவர் என் சித்தப்பா மகன். "மாப்பிள்ளைக்கு" என்று கொடுத்தார். என் வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்லை என்பது அண்ணனுக்குத் தெரியாது. அம்மா பக்கத்திலேயே இருந்தது.

"ஏன்டா, இந்தக் கருமம் ஒரு மனுசனத் தின்னது போதாதா? இன்னொன்னக் கொண்டாந்து நடுவீட்டுல வைக்கிற?"

"பெரியம்மா, இது அந்த மாதிரி இல்ல. சோளத்துல செய்றது."

"சோளத்துல செஞ்சா என்ன, சொர்க்கத்துல செஞ்சா என்ன?"

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் 'சோளத்துல' என்ற சொல் எனக்குள் எதையோ தட்டியது. புட்டியை எடுத்துப் பார்த்தேன். ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல். கென்டக்கி ஸ்ட்ரெய்ட் பர்பன் விஸ்கி. எந்தக் கிடங்கு, எத்தனையாவது பீப்பாய் என்பதைக்கூட லேபிளிலேயே எழுதியிருந்தார்கள். தொழில் புத்தி விடவில்லை. அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

பர்பன் என்பது பிராண்ட் இல்லை, சட்டம் கொடுத்த பெயர். அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும். ஊறப்போடும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். வடிக்கும்போது சாராயத்தின் வீரியம் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் கலத்தில்தான் ஊற வேண்டும். அதில் ஊற்றும்போது வீரியம் 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, புட்டியில் 40க்குக் கீழே இறங்கக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டால் குறைந்தது இரண்டு வருடம் ஊறியிருக்க வேண்டும், நான்கு வருடத்துக்குக் குறைவென்றால் வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். ரை விஸ்கிக்கும் ஏறக்குறைய இதே விதிகள்தான், அந்த 51 சதவீதம் மட்டும் ரை.

ரைக்குத் தமிழில் பழகிய பெயர் கிடையாது. நம் மண்ணில் விளைவதும் இல்லை. கோதுமைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். குளிர் தாங்கும், இளைத்த மண்ணிலும் வரும். வாயில் லேசான காரம் இருக்கும்.

மக்காச்சோளம் எத்தனை பங்கு, ரை எத்தனை பங்கு, பார்லி எத்தனை பங்கு என்ற கணக்குக்கு அங்கே 'மேஷ் பில்' என்று பெயர். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இட்லி மாவுக் கணக்கு. நாலுக்கு ஒன்று உளுந்து போடும் வீடு உண்டு, மூன்றரைக்கு ஒன்று போடும் வீடும் உண்டு. ஒரு பிடி வெந்தயம் கூடினால் இட்லி வேறு ஆள் ஆகிவிடும். மேஷ் பில்லும் அப்படித்தான். மக்காச்சோளம் இனிப்பையும் உடம்பையும் கொடுக்கும். ரை மிளகு மாதிரி ஒரு சுள்ளென்ற காரம் தரும். ரைக்குப் பதில் கோதுமை போட்டால் மென்மையாகிவிடும். முளைகட்டிய பார்லி ருசிக்காக மட்டும் போடுவதல்ல. முளை விடும்போது உண்டாகும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட்டுக்கு வேலை. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி மாவாக்கிக் கஞ்சி காய்ச்சும் எந்த அம்மாவுக்கும் இதில் பாதி தெரியும்.

ஒவ்வொரு பிராண்டும் இந்தக் கணக்கில்தான் தனித்து நிற்கிறது. வைல்ட் டர்க்கியில் மக்காச்சோளம் 75, ரை 13, பார்லி 12. புல்லெட் பர்பனில் 68, 28, 4. ரை ஏறஏறக் காரம் ஏறும். மேக்கர்ஸ் மார்க்கில் ரையே கிடையாது, மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14. 1950களில் அந்தக் கணக்கைத் தேடிய பில் சாமுவேல்ஸ், ஒவ்வொரு கலவையையும் வடித்து வருடக்கணக்கில் காத்திருக்காமல், அந்தந்த விகிதத்தில் ரொட்டி சுட்டுத் தின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தாராம். நிறுவனம் சொல்லும் கதைதான். அப்பா கேட்டிருந்தால் நம்பியிருப்பார், அவரும் வாயை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்வார்.

என் கையில் இருந்த ஃபோர் ரோசஸின் கதை இன்னும் நுணுக்கம். அவர்களிடம் இரண்டு மேஷ் பில். 'ஈ' என்பதில் மக்காச்சோளம் 75, ரை 20, பார்லி 5. 'பி'யில் 60, 35, 5. ஈஸ்ட் வகை ஐந்து. இரண்டை ஐந்தால் பெருக்கினால் பத்துச் செய்முறை. ஒவ்வொன்றுக்கும் நாலெழுத்துக் குறியீடு. சிங்கிள் பேரலின் குறியீடு ஓ-பி-எஸ்-வி. இரண்டாவது எழுத்து தானியக் கணக்கு, நாலாவது ஈஸ்ட். இந்த ரகசியத்தை எல்லாம் யாரும் திருடிக்கொண்டு வரவில்லை, நிறுவனமே சொல்கிறது.

எல்லோரும் இப்படித் திறந்த மனதோடு இருப்பதில்லை. பஃபலோ டிரேஸ் தன் விகிதத்தைச் சொல்வதில்லை. ஆனால் சொல்லாவிட்டாலும் சட்டம் ஒரு தளம் போட்டிருக்கிறது. 51க்குக் கீழே இறங்க முடியாது, தானியம் இல்லாமல் செய்யவே முடியாது. அதற்கு மேல் உள்ள ரகசியத்தைக் குடிக்கிறவர்கள் துருவிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்று படித்தபோது அப்பா பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. கென்டக்கி வடிசாலைகளில் தானிய லாரி வாசலுக்கு வந்ததும் சாம்பிள் எடுத்து ஈரமும் பூஞ்சையும் பார்ப்பார்கள். சில இடங்களில் மக்காச்சோளத்தை அரைத்து மைக்ரோவேவில் லேசாகச் சூடாக்கி மோந்து பார்க்க ஒரு ஆள் இருப்பார். முக்கல் வாடை அடித்தால் லாரி திரும்பிவிடும். கீழமாசி வீதியிலிருந்து நேரே அங்கே போய் உட்கார்ந்திருந்தால் அப்பாவுக்கு அரை நாளில் வேலை பிடிபட்டிருக்கும்.

*

எந்தத் தானியம் என்பதை முதலில் தீர்மானித்தது மண்தான். பென்சில்வேனியா, மேரிலாந்து பக்கம் குடியேறிய ஐரோப்பிய விவசாயிகளுக்கு ரை பழகிய பயிர், அதனால் அங்கே ரை விஸ்கி. ஜார்ஜ் வாஷிங்டன் 1797இல் மவுண்ட் வெர்னனில் ஒரு வடிசாலை தொடங்கினார். ரை 60, மக்காச்சோளம் 35, முளைகட்டிய பார்லி 5. 1799இல் கிட்டத்தட்ட 11,000 கேலன் வடித்திருக்கிறார்கள். முன்னாள் ஜனாதிபதி சாராயம் காய்ச்சினார் என்பதைவிட, இருநூறு வருடத்துக்கு முந்தைய தானியக் கணக்கு இன்னமும் கையில் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மலை தாண்டி மேற்கே கென்டக்கிக்குப் போனவர்களுக்கு அமெரிக்காவின் பூர்வீகப் பயிரான மக்காச்சோளம் கொட்டிக்கொடுத்தது. சாலை இல்லை, விற்க வழியில்லை, மூட்டையாக வைத்தால் வண்டு. சாராயமாக்கினால் கெடாது, எடையும் குறையும். விஸ்கி என்பது அவர்களுக்கு விளைச்சலைக் காப்பாற்றிக் காசாக்கும் ஒரு வழி. அதன்மேல் 1791இல் வரி போட்டதும், 1794இல் பென்சில்வேனியா விவசாயிகள் கலகம் செய்யும் அளவுக்குப் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் பக்கத்தை நினைத்துப் பார்த்தேன். பேரையூர், டி.கல்லுப்பட்டி, எழுமலை எல்லாம் மானாவாரி நிலம். மக்காச்சோளம், குதிரைவாலி, பருத்தி. 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றபோது அங்கிருந்து வந்த சாம்பிள் மூட்டைகளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த மக்காச்சோளம் நாமக்கல்லுக்குக் கோழித் தீனியாகப் போகிறது. கம்பும் சோளமும் ஆரோக்கியக் கடைகளில் அழகான பாக்கெட்டில் ஏறிவிட்டன. இத்தனை தானியத்துக்கு நடுவே உட்கார்ந்து அப்பா குடித்த 'விஸ்கி'யில் ஒரு மணி தானியமாவது இருந்ததா?

*

விலை குறைந்த இந்திய விஸ்கியின் ஆரம்பம் பெரும்பாலும் வயலில் இல்லை, சர்க்கரை ஆலையின் பின்வாசலில். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு, மொலாசஸ். ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய நாற்பது, நாற்பத்தைந்து கிலோ கிடைக்கும். இதை நொதிக்கவைத்து 96 சதவீத வீரியம் வரும்வரை வடிக்கிறார்கள். அதற்கு 'எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால்' என்று பெயர், தொழிலில் ஈஎன்ஏ. நியூட்ரல் என்பதுதான் இதில் முக்கியம். அந்த வீரியத்தில் எதிலிருந்து வந்தது என்ற அடையாளம் ஏறக்குறைய எல்லாம் கழன்றுவிடும். பர்பனுக்கு 80இல் கோடு கிழித்ததற்குக் காரணமும் இதுதான், அதற்கு மேல் போனால் தானியத்தின் ருசி தங்காது.

பிறகு தண்ணீர் சேர்த்து வீரியத்தை இறக்குவார்கள். நிறத்துக்குக் கேரமல், மணத்துக்கு எசென்ஸ். விலை ஏறினால் கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட்டும், இன்னும் ஏறினால் கொஞ்சம் ஸ்காட்சும் சேரும். அதே ஈஎன்ஏ வேறு எசென்ஸோடு சேர்ந்தால் பிராந்தி, இன்னொன்றோடு சேர்ந்தால் ரம். இந்தியப் புட்டிகளில் தவறாமல் காணும் 42.8 என்ற எண்கூட பிரிட்டிஷார் விட்டுப்போன பழைய ப்ரூஃப் அளவையில் 75 பாகை. அவர்கள் கணக்கில் நூறு பாகை என்றால் 57.1 சதவீதம், அதில் முக்கால் பங்கு 42.8. ஆக, லேபிளில் மிகத் துல்லியமாக இருக்கும் எண் வரிக்காகப் பிறந்த எண்.

இந்தியாவில் எல்லாமே இப்படி என்று சொன்னால் அது பொய். பல நிறுவனங்கள் உடைந்த அரிசி, மக்காச்சோளத்தில் வடித்த தானிய ஸ்பிரிட்டுக்கு மாறியிருக்கின்றன. பெங்களூரின் அம்ருத் 2004இல் இந்தியப் பார்லியில் செய்த சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது. கைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது குவார்ட்டர் வாங்குகிறவரின் கடைக்கு வருகிற சரக்கு அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி தானியத்தில் வடித்து, குறைந்தது மூன்று வருடம் மரப்பீப்பாயில் ஊறினால்தான் விஸ்கி. மொலாசஸ் என்றால் அந்தப் பெயரே கிடையாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 மதுபான விதிகளோ, விளைபொருளிலிருந்து எடுத்த நியூட்ரல் ஸ்பிரிட்டிலும் விஸ்கி செய்யலாம் என்கின்றன. கரும்பும் விளைபொருள்தானே.

சட்டப்படி எல்லாம் சரி. எனக்கு உறுத்துவது அந்த ஒற்றைச் சொல்லில் கேள்வி முடிந்துபோவதுதான். தெரிந்தவர் ஒருவரிடம் காலி குவார்ட்டர் ஒன்று வாங்கி வந்து லேபிளை வரிவரியாகப் படித்தேன். பேட்ச் எண், விலை, அளவு, வீரியம் இருந்தன. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்ற எச்சரிக்கை இருந்தது. எதில் செய்தது என்பது மட்டும் இல்லை. சில புட்டிகளில் ஸ்பிரிட், தண்ணீர், கேரமல் என்று ஒரு வரிசை இருக்கும். எந்தப் பயிரின் ஸ்பிரிட், மால்ட் எத்தனை பங்கு என்பது அதிலும் இருக்காது.

மதுரைக்கு வடக்கே அலங்காநல்லூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. வைகை, பெரியாறு பாசனக் கரும்புக்காக வந்த ஆலை, சில வருடங்களாக அரைவை இல்லாமல் கிடக்கிறது. திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடுகிறார்கள். அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கரும்பு விவசாயி ஒருவரிடம் விஸ்கியைப் பற்றிச் சொன்னேன். "எங்க கரும்புல விஸ்கியா? அது பார்லில்ல செய்வாங்க" என்றார். தான் விளைவிக்கும் பயிர் எந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்று விளைவிக்கிறவருக்கும் தெரியவில்லை, எதைக் குடிக்கிறோம் என்று குடித்தவருக்கும் தெரியவில்லை. நடுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

*

அமெரிக்கர்கள் நம்மைவிட யோக்கியர்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே விற்ற விஸ்கியில் பெரும்பங்கு, நியூட்ரல் ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் சேர்த்துக் கலக்கியதுதான். அச்சு அசல் நம் கதை.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1897இல் 'பாட்டில்டு இன் பாண்ட்' சட்டம். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் பூட்டுக்குள் இருக்கும் கிடங்கில் நான்கு வருடம் ஊறி, 50 சதவீத வீரியத்தில் புட்டியில் ஏறினால் அரசு முத்திரை. 1906இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்ததும், அப்படியானால் விஸ்கி என்றால் என்ன என்று பெரிய வழக்காடல். 1909 டிசம்பரில் ஜனாதிபதி டாஃப்ட் தீர்ப்புச் சொன்னார். தானியத்தில் வடித்தது விஸ்கி. தானிய நியூட்ரல் ஸ்பிரிட் கலந்தால் கலப்பு விஸ்கி என்று சொல்லி விற்கலாம். மொலாசஸ் ஸ்பிரிட்டுக்கு அந்தப் பெயர் கிடையாது. ஒரு நாட்டின் ஜனாதிபதி உட்கார்ந்து, சாராயம் எதில் செய்தது என்று விசாரித்திருக்கிறார்.

அதற்குப் பிறகும் ஏமாற்று நிற்கவில்லை. இந்தியானா மாநிலத்தில் ஒரு பெரிய ஆலை ரை 95, பார்லி 5 என்ற கணக்கில் வடித்துப் பல பிராண்டுகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறது. அப்படி வாங்கிய டெம்பிள்டன் ரை, அயோவா ஊர்க் கதை சொல்லி விற்றது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, லேபிளையும் திருத்தியது. வழக்கின் சாரம் என்ன? எந்த ஊர்ச் சரக்கு?

நம்மிடம் ஏன் யாரும் கேட்பதில்லை? நாம் குடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் பேசுகிறோம். இருக்கலாமா, கூடாதா. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியது, 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971இல் விலக்கியது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி திறந்தது, 1983இல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையும் அரசே. கதவைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு நூற்றாண்டு வரப்போகிறது. இதற்கு நடுவில் புட்டிக்குள் என்ன என்று கேட்டால், குடிகாரனுக்கு என்ன கேள்வி என்பார்கள். மூடு என்று சொல்பவருக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. விற்பவருக்கு அது தொந்தரவு. குடிப்பவர் வெட்கத்தில் வாயைத் திறப்பதில்லை. வெட்கப்படுகிறவனுக்கு எதை வேண்டுமானாலும் விற்கலாம். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு பர்பனுக்கான இறக்குமதி வரியை மட்டும் தனியாக 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது. பர்பன் எதில் செய்தது என்று நம் சுங்கத் துறைக்குத் தெரியும், அதில் சிக்கல் இல்லை.

இது நமக்கு ஒத்துவராத பழக்கம் என்றும் சொல்ல முடியாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் முறை வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற தட்டில் ஆற்றி, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவைத்து அரிக்கிறார்கள். நல்லடை என்பதற்கு முளையரிசி என்று உரை சொல்வார்கள். அதாவது மால்ட். முளைகட்டிய தானியத்தின் நொதிக்கு அன்று பெயர் தெரிந்திருக்காது, வேலை தெரிந்திருக்கிறது. தானியம், முளை, நாள் கணக்கு என மூன்றையும் ஒரு புலவர் பாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்த ராத்திரி, காலி குவார்ட்டரின் லேபிளை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தேன்.

*

அப்பாவின் ஈரல் தேய்ந்தது குடியால். மதுரையில் இரண்டு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். அவர் குடித்தது பேரையூர் மக்காச்சோளத்தில் வடித்து எட்டு வருடம் ஓக் பீப்பாயில் ஊறியதாக இருந்திருந்தாலும் ஈரல் இப்படித்தான் ஆகியிருக்கும். ஆல்கஹாலை உடைக்கும்போது ஈரல் அது கரும்பா ரையா என்று பார்ப்பதில்லை. நல்ல சரக்குக் கிடைத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அம்மா என் முகத்தில் முழிக்காது.

எனக்கு ஆற்றாமை வேறு. ஒரு மனிதர் பகல் முழுக்க ஒரு மணி தானியத்தை ஊர், மண், ஈரம், வாடை என்று விசாரிக்கிறார். அது அவருடைய கெட்டிக்காரத்தனம், மரியாதை, சம்பளம் எல்லாம். இரவானதும் அந்த மூக்கையும் நாக்கையும் கழற்றி வைத்துவிட்டு, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ஆளாகிவிடுகிறார். குடி அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. அதில் முதலில் போனது அந்தக் கேள்வி.

ஃபோர் ரோசஸ் புட்டியை ஒருநாள் திறந்தேன். குடிக்க இல்லை. ஒரு மூடி அளவு ஊற்றி, அப்பா மாதிரி மோந்து பார்த்தேன். முதலில் வெல்லப்பாகும் புதுப் பலகையும் கலந்த வாசம். சற்று விட்டு மறுபடி மோந்தால் பின்னால் மிளகும் சோம்பும் போல ஏதோ ஒன்று. அந்த 35 சதவீதம் ரை இதுதானோ என்று தோன்றியது. கணக்குத் தெரிந்திருந்ததால் மூக்கு தேடிப் போனது. தெரியாவிட்டால் சாராய நெடி என்று மூடி வைத்திருப்பேன்.

என் கோரிக்கை சின்னதுதான். பர்பன் மாதிரி நூறு விதி வேண்டாம். லேபிளில் ஒரு வரி, தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். 'கரும்பு மொலாசஸில் செய்தது.' அல்லது 'உடைந்த அரிசி 60, மக்காச்சோளம் 40.' எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே போடட்டும். மைதா பிஸ்கட்டுக்குக் கேட்கிற கேள்வியைக் குவார்ட்டருக்கும் கேட்கலாம். மதுவிலக்கு வேண்டும் என்பவரும் இதைக் கேட்கலாம், அவருக்கும் இதில் நஷ்டம் இல்லை.

போன வாரம் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. மொலாசஸ் என்றால் என்னவென்று கேட்டது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகு, மாட்டுத் தீவனத்தில்கூடக் கலப்பார்கள் என்றேன்.

"மாட்டுக்கு வைக்கிற பாகா?"

"அதுலயும் போடுவாங்க. அதுலருந்துதான் பெரும்பாலும் இது."

"அப்ப சோளம் கீளம் எதுவுமே இல்லையா?"

"இருந்திருக்காது."

அம்மா கொஞ்ச நேரம் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தது.

"தெரிஞ்சா மட்டும் விட்டுருப்பாராக்கும்" என்றது. பிறகு, கீரையை அலசப் போகும்போது, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னது.

"ஆனா, கடக்காரன்கிட்ட சண்ட போட்டுருப்பாரு."